பல்லிக்குப் பணம் வருமா? கிளியூர் ஓடைக்கரையிலிருந்து ஒரு கேள்வி

ஏற்காடு பக்கம் கிளியூரிலிருந்து ஒரு வாசகர் கேள்வி அனுப்பியிருந்தார். அவருக்கு இரண்டு ஏக்கரில் காபியும் மிளகும். நிலத்தை ஒட்டி ஓடை. கேமராவும் டார்ச்சுமாக நான்கைந்து இளைஞர்கள் வந்து, ஓடைப் பாறைகளில் இருந்த பல்லிகளைப் படம் எடுத்துப் போயிருக்கிறார்கள். “இது உலகத்திலேயே இந்த மலையில் மட்டும்தான் இருக்கிறது, இதைக் காப்பாற்ற வேண்டும்” என்றும் சொல்லியிருக்கிறார்கள். வாசகரின் கேள்வி இரண்டே வரி. ‘பல்லி இருக்கிறது என்று தெரிந்தால் என் நிலத்தை வனத்துறை எடுத்துக்கொள்ளுமா? எடுக்காது என்றால், அதைக் காப்பாற்ற எனக்கு யாராவது பணம் கொடுப்பார்களா?’

கேள்வி–பதில் பகுதியில் நாலு வரியில் முடித்துவிடலாம் என்றுதான் முதலில் எடுத்தேன். எழுத எழுத நீண்டுவிட்டது. மலையடிவாரத்தில் கிணற்றை நம்பி இருக்கும் வாசகர்களுக்கும் இதில் பங்கு உண்டு என்பதால் கட்டுரையாகவே தருகிறேன்.

அந்த இளைஞர்கள் சொன்னது உண்மையா?

உண்மைதான். பல்லி என்றால் நமக்கு நினைவுக்கு வருவது டியூப் லைட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்து இரவில் பூச்சி பிடிக்கும் வீட்டுப் பல்லி. சேர்வராயன் மலைப் பாறைகளில் இருப்பது வேறு. அது பகலில் நடமாடும் பல்லி. நம் விரல் நீளம் இருந்தால் அதிகம். கண்மணி வட்டமாக இருக்கும். வீட்டுப் பல்லிக்குக் கீற்றாக இருக்கும். சுவரில் ஒட்டிக்கொள்ள வீட்டுப் பல்லிக்கு விரலடியில் அகலமான பட்டைகள் உண்டு. இதற்கு அவை கிடையாது. நகத்தால் பற்றித்தான் பாறையிலும் மரப்பட்டையிலும் ஏறும்.

2000-ஆம் ஆண்டில் இந்திரநீல் தாஸ், ஆரன் பாயர் என்ற இரு விஞ்ஞானிகள் இந்த மலையிலிருந்து ஒரு பகல் பல்லியை முதன்முதலாக விவரித்து, ‘க்னமாஸ்பிஸ் ஏற்காடென்சிஸ்’ என்று பெயர் வைத்தார்கள். நம் ஏற்காடுதான் அந்தப் பெயரில் இருக்கிறது. 2019-இல் இதே சேர்வராயன் மலைத்தொகுதியிலிருந்து மேலும் இரண்டு புதிய வகைகள் பதிவாயின. அவற்றில் ஒன்றின் பெயர் ‘ஷெவராயென்சிஸ்’. இருநூறு ஆண்டுகளாகக் காபி விளையும் மலை இது. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை 1820-களில் காபிச் செடியைக் கொண்டுவந்த காலத்திலிருந்து எத்தனையோ பேர் இந்தப் பாறைகளின் மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டிருப்பார்கள். காலடியில் இருந்த பல்லிக்கு ஒரு பெயர் கிடைக்க இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

ஒரு மலைக்கென்றே தனிப் பல்லி எப்படி உண்டாகிறது? இவற்றுக்கு நிழலும் ஈரக்காற்றும் குளிர்ந்த கல்லும் வேண்டும். சேலத்துச் சமவெளியின் வெயிலில் இறங்கி நடந்து அடுத்த மலைக்குப் போக இவற்றால் முடியாது. ஆகவே கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒவ்வொரு மலையும் இவற்றுக்குத் தனித்தீவு மாதிரி. அந்தத் தீவில் நிழலும் ஈரமும் போய்விட்டால் ஒதுங்க வேறு இடம் இல்லை.

நிழலும் ஈரமும் கடைசி வரை தங்கும் இடம் ஓடைக்கரை. கோடையில் மலையெல்லாம் காய்ந்து கிடக்கும்போது ஓடைப் பாறை இடுக்கில் மட்டும் கை வைத்தால் சில்லென்று இருக்கும். பல்லிக்கும் நம் கிணற்றுக்கும் உறவு வருவது அந்த இடத்தில்தான்.

பாலைவனத்துப் பல்லி ஒன்று பணம் திரட்டிய கதை

அமெரிக்காவில், கலிஃபோர்னியா மாகாணத்தில் கோச்செல்லா பள்ளத்தாக்கு என்று ஒரு பாலைவனம் இருக்கிறது. அங்கே காற்றில் பறந்து வந்து குவியும் மென்மணலில் மட்டுமே வாழும் ஒரு பல்லி உண்டு. மணலில் புதையாமல் ஓட வசதியாக அதன் விரல்களின் ஓரத்தில் சீப்புப் பல் போலச் செதில்கள் இருக்கும். அந்த இடத்தில் கோல்ஃப் மைதானங்களும் வீட்டுமனைகளும் பெருகப் பெருகப் பல்லி குறைந்தது. 1980-இல் அதை அழிவின் விளிம்பில் உள்ள உயிர்களின் பட்டியலில் சேர்த்தார்கள். அதன் பிறகு அங்கே கட்டடம் கட்டுவது சட்டச் சிக்கலானது.

1986-இல் ஓர் உடன்பாடு வந்தது. வீட்டுமனை போடுகிறவர் ஏக்கருக்கு 600 டாலர் கட்ட வேண்டும். அந்தப் பணத்தோடு அரசுப் பணமும் தொண்டு நிறுவனப் பணமும் சேர்த்துப் பல்லிக்கென்று நிலம் வாங்கி ஒதுக்கினார்கள். பணம் கட்டியவர் கவலையில்லாமல் கட்டடம் கட்டிக்கொண்டார்.

இதில் நமக்குப் பாடமான பகுதி இனிமேல்தான். பல்லி இருக்கும் மணல்மேட்டை மட்டும் வேலி போட்டுக் காத்தால் போதாது என்பது அங்கே தெரிந்தது. அந்த மணல் எங்கிருந்து வருகிறது? மலையிலிருந்து வெள்ளம் வரும்போது ஆறு மணலை இழுத்து வந்து கரையில் விரிக்கிறது. காற்று அதைச் சலித்து மென்மணலை மட்டும் பள்ளத்தாக்குக்குள் கொண்டுபோகிறது. ஆற்றின் வழியை அடைத்துவிட்டால் சில ஆண்டுகளில் மணல்மேடு கரைந்துபோகும், பல்லியும் போகும். ஆகவே பாலைவனப் பல்லிக்காகச் சேர்ந்த பணத்தில் ஆற்று வழியையும் காக்க வேண்டியதாயிற்று.

நம் நாட்டிலும் பாலைவனப் பல்லி இருக்கிறது. ராஜஸ்தான், குஜராத் பக்கம் தார்ப் பாலைவனத்தில் வளை தோண்டி, புல்லும் இலையும் தின்று வாழும் முள்வால் பல்லி. அதைப் பிடித்து, இடுப்பை ஒடித்து, கொழுப்பை உருக்கி ‘சாண்டா எண்ணெய்’ என்று விற்கிறார்கள். நம் ஊர்ச் சந்தைகளிலும் பேருந்து நிலையங்களிலும் ஆண்மைக்கு, மூட்டுவலிக்கு என்று கூவி விற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது வெறும் கொழுப்பு எண்ணெய். அந்த வைத்தியப் பேச்சுக்கு ஆதாரம் கிடையாது. பிடிப்பதும் விற்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நம் காட்டு உடும்பு அதே சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கும் இடத்தில் இருக்கிறது. உடும்புக் கறி விருந்துக்கு ஆசைப்பட்டுக் கோர்ட்டுக்கு அலைபவர்களைப் பற்றி அவ்வப்போது செய்தி வருகிறது. அதற்கு மேல் நான் சொல்லத் தேவையில்லை.

முதல் கேள்வி: நிலம் போகுமா?

பட்டா நிலத்தில் அரிய பல்லி ஒன்று இருக்கிறது என்ற காரணத்துக்காக மட்டும் நிலத்தை எடுத்துக்கொள்ளும் வழி சட்டத்தில் இல்லை. மலைப்பகுதியில் மரம் வெட்ட அனுமதி வாங்க வேண்டும் என்ற கட்டுப்பாடு ஏற்கெனவே இருக்கிறது. 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் அது. பல்லி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது உண்டு.

அடுத்து வரும் பயம், ‘பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம்’ என்று அறிவித்துவிடுவார்களோ என்பது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. 2022-இல் மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த சுமார் 193 ஹெக்டேர் நிலம் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. அங்கே விவசாயம் நிற்கவில்லை, ஆடு மாடு மேய்வதும் நிற்கவில்லை. ஊர்மக்கள் தாங்களாக விரும்பி ஏற்றுக்கொள்வதைத் தவிர, அவர்களின் வழக்கமான பயன்பாடுகளுக்குத் தடை போடக்கூடாது என்பதே தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் வழிகாட்டுதல். அறிவிப்பால் யாருக்காவது வருமானம் பாதித்தால் ஈடு தர அரசு திட்டம் வகுக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு சொல்கிறது. மேலூர் வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டபோது, அந்த அறிவிப்பு மக்கள் கையில் ஓர் ஆயுதமாக இருந்ததையும் பார்த்தோம். 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. நிலத்தைப் பறிக்கும் என்று பயந்த அறிவிப்பே, நிலம் பறிபோகாமல் இருக்கத் துணை நின்றது. சேர்வராயன் மலையில் பாக்சைட் வெட்டிய காலத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் சட்டென்று விளங்கும்.

இரண்டாவது கேள்வி: பணம் வருமா?

பல்லிக்கென்று நேராகக் கேட்டால் இப்போதைக்கு வராது என்பதுதான் என் கணிப்பு. தமிழ்நாடு அரசு அழிவில் இருக்கும் உயிர்களுக்கென்று தனி நிதியம் அமைத்திருக்கிறது. 2025-இல் நான்கு உயிர்களுக்கு மொத்தம் 1 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். சிங்கவால் குரங்கு, மெட்ராஸ் முள்ளெலி, கழுதைப்புலி, திமில் மஹசீர் மீன் ஆகியவை அவை. முள்ளெலி நம் வறண்ட மேட்டுநிலத்துப் பிராணி. மஹசீர் ஆற்று மீன். இரண்டுக்கும் பணம் ஒதுக்கியது நல்ல தொடக்கம். பட்டியலில் பல்லி எதுவும் இல்லை. வந்தாலும் அந்தப் பணம் பெரும்பாலும் கணக்கெடுப்புக்கும் ஆய்வுக்கும் போகும். அது தேவைதான், ஆனால் கரையில் நிற்கும் விவசாயியின் கைக்கு வராது.

காடு அழிந்ததற்கு ஈடாக வாங்கும் பணம் இன்னொன்று. நம் நாட்டின் ‘ஏக்கருக்கு 600 டாலர்’ என்று அதைச் சொல்லலாம். வனநிலத்தைச் சுரங்கத்துக்கோ சாலைக்கோ எடுப்பவர் கட்டும் தொகை அது. 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதில் 90 சதவீதம் மாநிலங்களுக்குப் போகிறது. 2019-இல் ஒரே தடவையில் மாநிலங்களுக்கு 47,000 கோடிக்கு மேல் பிரித்துக் கொடுத்தார்கள். அது வனத்துறை வழியாக வனநிலத்துக்குத்தான். ஓடையின் மேல்பகுதி காப்புக்காட்டுக்குள் இருந்தால், அங்கே உன்னிச்செடியை அகற்றி மரம் வைக்கச் சொல்லி வனச்சரக அலுவலரிடம் ஊர் சார்பில் மனு கொடுக்கலாம். கீழே உங்கள் நிலத்துக்கு அது வராது.

ஓடைக்கரைக்கென்று கேட்டால் நிலைமை வேறு. இந்த நாட்டில் தண்ணீருக்குப் பணம் இருக்கிறது.

முதலில் நூறு நாள் வேலை. மண்–நீர்ப் பாதுகாப்பு, ஓடைச் சீரமைப்பு, மரம் நடுதல் எல்லாம் அதன் வேலைப் பட்டியலில் உண்டு. பொது ஓடையில் மட்டுமல்ல, ஆதிதிராவிடர், பழங்குடியினர், சிறு–குறு விவசாயிகளின் சொந்த நிலத்திலும் மண்வரப்பு, மரக்கன்று நடவு போன்றவற்றுக்கு இடம் இருக்கிறது. வேலூர் மாவட்டத்தில் நாகநதியை மீட்டது பெரும்பாலும் இந்த வேலையில் இறங்கிய பெண்கள்தான். ஓடையில் கல் தடுப்புகளும், மணலுக்கடியில் நீரை இறக்கும் கிணறுகளும் கட்டினார்கள். விதிகளும் நாள் கணக்கும் அவ்வப்போது மாறுகின்றன. நடப்பு வேலைப் பட்டியலை ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து, சேலம் மாவட்டத்தார் பலரும் கவனிக்காத ஒன்று: மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதி. 2015-இல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தியபோது வந்தது. கனிமம் வெட்டுபவர்கள், குத்தகை எப்போது வாங்கியது என்பதைப் பொறுத்து, உரிமைத் தொகையில் 10 அல்லது 30 சதவீதம் இந்த அறக்கட்டளைக்குக் கட்ட வேண்டும். சேர்வராயன் மலையின் காலடியிலேயே மக்னசைட் சுரங்கங்கள் இருக்கும் மாவட்டம் இது. சுரங்கத்தால் பாதித்த பகுதிகளுக்கான பணம் என்பதால் எல்லா ஊருக்கும் பொருந்தாது. பொருந்தும் ஊர்களில் குடிநீரும் சுற்றுச்சூழல் பாதுகாப்பும் முன்னுரிமைப் பணிகள். பணம் கேட்பவர்கள் வகுப்பறைக்கும் சாலைக்கும் கேட்கிறார்கள். ஓடைக்குக் கேட்டு வந்த மனுவை நான் அதிகம் பார்த்ததில்லை.

மரக்கன்றுக்கு வேளாண்துறையின் நீடித்த பசுமைப் போர்வை இயக்கம் இருக்கிறது. உழவன் செயலியில் பதிந்தால் கன்றுகள் இலவசம். ஒரு குறை: வரும் கன்றுகளில் தேக்கு, மகாகனி போன்ற வெட்டுமரங்கள்தான் அதிகம். ஓடைக்கரைக்கு அவை சரிப்படாது. நாவல், அத்தி, புங்கன் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் உங்கள் ஓடையிலேயே நிற்கும் தாய்மரத்துக்கடியில் ஆனி, ஆடியில் முளைத்துக் கிடக்கும் நாவல் கன்றுகளைப் பையில் எடுத்து வையுங்கள். காசில்லாத நாற்றங்கால் அது.

மலையாளிப் பழங்குடி மக்கள் இருக்கும் ஊர்களுக்கு இன்னொரு பிடிமானமும் உண்டு. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, நீராதாரத்தையும் நீர்ப்பிடிப்பையும் காட்டுயிரையும் காக்கும் அதிகாரத்தைக் கிராமசபைக்கே தருகிறது. பணம் தரும் பிரிவு அல்ல அது. ஆனால் ‘இந்த வேலையை இப்படித்தான் செய்ய வேண்டும்’ என்று ஊர் சொல்வதற்கு அதில் பலம் இருக்கிறது.

வந்த பணமே கெடுக்கும் இடம்

ஓடைச் சீரமைப்பு என்று பணம் வந்ததும் முதலில் வருவது பொக்லைன். ஓடையைத் ‘தூர்வாரி’, பாறைகளைப் புரட்டிக் கரையில் தள்ளி, செடி கொடியை வழித்து, பக்கச்சுவருக்குச் சிமென்ட் பூசி, பெயர்ப் பலகையும் வைத்துவிட்டால் அளவுப் புத்தகத்தில் எழுத வசதி. மழை வந்தால் தண்ணீர் நிற்காமல் ஓடி மலையிறங்கிவிடும். ஏற்காடு ஏரியின் மிகைநீர் கிளியூர்ப் பள்ளத்தாக்கில் சுமார் 300 அடி அருவியாக விழுகிறது. அப்படிப்பட்ட சரிவில் வழவழப்பான வாய்க்கால் கட்டினால் நீர் என்ன வேகத்தில் போகும் என்று யோசித்துப் பாருங்கள். மலையில் ஊறாத தண்ணீர் மாசி, பங்குனியில் ஊற்றாக வராது. திருமணிமுத்தாறும் சரபங்காவும் பிறக்கும் மலை இது. கீழே கிணறு வைத்திருப்பவர்களும் இதில் கட்டுப்பட்டவர்கள்தான்.

பல்லிக்கு வீடும் அந்தப் பாறை இடுக்குதான், முட்டையிடுவதும் அங்கேதான். கல் தடுப்பு கட்டுவது நல்ல வேலை. அதற்கான கல்லை ஓடைக்குள்ளிருந்தே பெயர்த்தால், ஒரு வீட்டை இடித்து இன்னொரு வீடு கட்டுவது போலாகும். தோட்டத்தில் மண்வரப்புக்கு வெட்டும்போது கிடைக்கும் கல்லை எடுங்கள். ஓடையில் காலங்காலமாகப் பாசி படிந்து கிடக்கும் கல்லைத் தொடாதீர்கள். வேலையின் மதிப்பீட்டிலேயே ‘ஓடைப் பாறைகளை அகற்றக்கூடாது, இயந்திரம் இறக்கக்கூடாது’ என்று எழுதச் சொல்லி வாங்கிவிடுவது நல்லது. எழுத்தில் இல்லாததை ஒப்பந்தக்காரர் கேட்க மாட்டார்.

இரண்டாவது கெடுதல், நட்டதோடு முடிந்துபோகும் பணம். குழி எடுக்கக் கூலி உண்டு, கன்றுக்குக் காசு உண்டு. அடுத்த பங்குனி, சித்திரையில் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. பாதிக் கன்று காய்ந்த இடத்தில் மறுபடி புதுத் திட்டம் போட்டு, மறுபடி அதே குழி. கேட்கும்போதே மூன்றாண்டுப் பராமரிப்பையும் சேர்த்துக் கேளுங்கள். கன்றைக் குறைத்துக்கொண்டாலும் பராமரிப்பைக் குறைக்க வேண்டாம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

வாசகரின் நிலத்தை ஒட்டி ஓடை 200 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். இரு கரையிலும் 5 மீட்டர் விட்டால் 2,000 சதுர மீட்டர், ஏறத்தாழ அரை ஏக்கர். இரண்டு ஏக்கர்காரரிடம் அரை ஏக்கரை விடு என்று சொல்ல எனக்கு மனசு வராது. சொன்னாலும் அவர் கேட்க வேண்டியதில்லை. ஆகவே இப்படிச் செய்யலாம். தண்ணீரை ஒட்டிய 2 மீட்டரை மட்டும் அப்படியே விடுங்கள். இரு கரைக்கும் சேர்த்து 20 சென்ட். அதில் கொத்த வேண்டாம், களைக்கொல்லி அடிக்க வேண்டாம், சருகை எரிக்க வேண்டாம். நாணலும் பெரணியும் தானாக வரும். அரிக்கும் முனைகளில் மட்டும் வெட்டிவேர் வையுங்கள்.

அதற்கு மேலுள்ள 3 மீட்டரில் காபி இருக்கட்டும். நிழலுக்குச் சில்வர் ஓக் மட்டுமே நிற்கிறதென்றால், விழுந்தும் காய்ந்தும் போகிற மரத்துக்குப் பதிலாக நாவலும் அத்தியும் வையுங்கள். அகலமான இலை, அடர்ந்த நிழல், மட்கும் சருகு. வளர்ந்த பிறகு மிளகுக் கொடி ஏற்றலாம். நாவல் பழத்துக்குச் சேலத்தில் விலை இருக்கிறது. விட்டுக்கொடுத்த 20 சென்ட்டின் வருமானத்தை மிளகு சில ஆண்டுகளில் ஈடுகட்டிவிடும் என்பது என் அனுபவக் கணக்கு.

காபிப் பழம் உரிக்கிற காலத்தில் கழுவுநீரை ஓடையில் விடுவதை நிறுத்தினால் பாதி வேலை முடிந்தது. அந்த நீர் புளித்து, ஓடைநீரின் பிராணவாயுவை உறிஞ்சிவிடும். மீன் குஞ்சும் தவளைக் குஞ்சும் மிதக்கும். ஓடையிலிருந்து தள்ளி இரண்டு குழி வெட்டி, முதல் குழியில் சுண்ணாம்பு போட்டுப் புளிப்பைக் குறைத்து, அடுத்த குழியில் ஊற விடுங்கள். தோலைச் சாணத்தோடு அடுக்கி மட்க வைத்தால் செடிக்கே எரு. தண்ணீர் குறைவாகச் செலவாகும் உரிப்பு இயந்திரத்துக்கு மானியம் நடப்பில் உள்ளதா என்று காபி வாரிய அலுவலகத்தில் விசாரியுங்கள். கன்று, நடவு பற்றிய சந்தேகங்களுக்கு ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது.

யாரிடம், எப்போது?

தனியாக மனு எழுத வேண்டாம். ஓடையை ஒட்டி நிலம் உள்ள எட்டு பத்துப் பேர் சேர்ந்து, ஓடையின் பெயர், சர்வே எண்கள், நீளம், எந்த மாதம் வரை நீர் ஓடுகிறது, பத்து வருடத்துக்கு முன் எந்த மாதம் வரை ஓடியது என்று ஒரே தாளில் எழுதுங்கள். கடைசி விவரத்தை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அதிகாரிகள் கவனிப்பது அதைத்தான். பல்லி விஷயத்தையும் மறைக்காமல் ஒரு வரியில் சேருங்கள். உள்ளாட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழு வைத்திருக்க வேண்டிய மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் அது ஏறட்டும். படம் எடுத்துப்போன இளைஞர்களிடம் ஒரு பிரதி கேட்டு வாங்கி இணையுங்கள். பதிவேட்டை அவர்களைவிட நன்றாக நிரப்பித் தர யாரால் முடியும்?

கிராமசபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். ஓடை மனுவுக்குப் பொருத்தமான நாள். தீர்மானத்தின் நகலைக் கையெழுத்தோடு வாங்கி, ஒன்று ஒன்றிய அலுவலகத்துக்கும் ஒன்று ஆட்சியர் அலுவலகத்துக்கும் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். ஆறு வாரத்தில் பதில் இல்லை என்றால், அந்தச் சீட்டின் நகலோடு இந்தப் பகுதிக்கே மறுபடி எழுதுங்கள்.